குழாயைக் களைதலே முதல் மருந்து

மாத்தளை மாவட்டத்தின் தென்புறம் தேயிலையும் மிளகும் கொக்கோவும் செழிக்கும் ஈரமலை. உக்குவளை, ரத்தோட்டை, எல்கடுவ என்று ஊர்ப்பெயர் சொன்னாலே தோட்டத் தமிழர் குடியிருப்புகள் கண்முன் வரும். நக்கிள்ஸ் மலைத்தொடரைக் கடந்து கிழக்கே இறங்கினால் நிலத்தின் முகமே மாறிவிடுகிறது. மகாவலியின் மேற்குக் கரையோரம் கிடக்கும் வில்கமுவ, ஹெட்டிபொல ஆகியவை உலர்வலயத்து ஊர்கள். வாய்க்கால் நீரில் நெல் விளைவிக்கும் உழவர்களே அங்கு மிகுதி. காரணம் இன்னதென்று நிறுவப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வேரூன்றிய இடங்களின் பட்டியலில் மதவாச்சி, பதவிய, கிராந்துருகோட்டை ஆகியவற்றோடு வில்கமுவவும் இடம்பெறுகிறது.

1990-களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்து மருத்துவர்கள் முதன்முதலாகக் கண்டுகொண்ட நோய் அது. நீரிழிவும் இல்லை, சொல்லத்தக்க குருதியழுத்தமும் இல்லை. ஆயினும் வயலில் உழைத்த நடுவயது உழவரின் சிறுநீரகம் ஓசையின்றிச் சுருங்கியது. நோய் தாக்குவது சிறுநீரகத்தின் வடிகட்டும் முடிச்சுகளையன்று; அவற்றை அடுத்த நுண்குழாய்களையும் இடைத்திசுவையும். நிலத்தடி நீரின் கடினமும் புளோரைடும், வேளாண் நச்சுகள், வெயிலில் நீரிழந்து உழைத்தல் என்று பல காரணங்கள் வழக்காடப்பட்டுவிட்டன. தீர்ப்பு மட்டும் வரவில்லை. காரணம் எதுவாயினும் கடைசிக் கட்டம் ஒன்றே. சிறுநீரகம் செய்த வேலையை வேறொன்று செய்தாக வேண்டும்.

அந்த வேலையை இருவழிகளில் செய்விக்கலாம். ஒன்று, மருத்துவமனைக்குச் சென்று இயந்திரத்தில் குருதியைத் தூய்மித்தல். மற்றொன்று, நோயாளியின் வயிற்றையே வடிகலமாக்கிக்கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்றுறைத் தூய்மிப்பு. சீ.ஏ.பீ.டீ. என்றும், இன்னும் எளிதாக 'வயிற்றால் செய்கிற டயலிசிஸ்' என்றும் வழங்குவது இதனையே. ஹெட்டிபொலவில் இருப்பவர் கண்டி தேசிய மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவை அடைய வேண்டுமானால் ஹசலக வழியாகச் சென்று, மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவுகளையும் ஏறிக் கடக்க வேண்டும். களைத்த உடலோடு வாரம் இருமுறையோ மும்முறையோ இதைச் செய்வதென்பது வாழ்க்கையையே பயணமாக்கிவிடும். ஆகவே மலைக்கு அப்பால் வாழ்வோருக்கு வயிற்றுறைத் தூய்மிப்பு ஒரு வசதி மட்டுமன்று. சொந்த வீட்டில் இருந்துகொண்டே உயிர்வாழும் உரிமை. பூஞ்சைத்தொற்று இந்த உரிமையைத்தான் பறிக்கிறது.

வயிற்றின் உட்சுவரையும் குடலையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையை விரித்தால், அதன் பரப்பு ஏறத்தாழ உடலின் தோற்பரப்புக்கு ஈடாகும். அவ்வுறை முழுதும் நுண்குருதிக் குழல்கள் நிறைந்துள்ளன. இரண்டு லீற்றர் அளவில் குளுக்கோசுக் கரைசலை வயிற்றினுள் விட்டுச் சில மணிநேரம் தேக்கினால், குருதியிலுள்ள யூரியாவும் பிற கழிவுகளும் உறையைக் கடந்து கரைசலுக்குள் வருகின்றன. மிகையான நீரைக் குளுக்கோசு இழுத்துக்கொள்கிறது. பின்னர் அதனை வடித்துவிட்டுப் புதிய கரைசலை ஏற்ற வேண்டும். நாளொன்றுக்கு நான்கு முறை இவ்வாறு செய்வது பொதுவழக்கு. வயிற்றுச் சுவரைத் துளைத்து உள்ளே கிடக்கும் மென்சிலிக்கோன் குழாயை 1968-இல் ஹென்றி டென்கோஃப் செப்பனிட்டார். இடைவிடாது வீட்டிலேயே செய்யும் முறையை 1976-இல் டெக்சாசின் ஆஸ்டின் நகரில் பொபோவிச்சும் மொன்கிரீஃபும் வகுத்தனர். கண்ணாடிப் புட்டிகளுக்குப் பதிலாக நெகிழிப்பைகளைப் பயன்படுத்தி அதை எளியோரும் கையாளக்கூடியதாக்கியவர் டொரன்டோவின் ஒரியோபுலோஸ்.

குழாய் ஒன்று தோலைத் துளைத்து வயிற்றுக்குள் நிரந்தரமாகக் கிடக்கிறது. ஒரு நாளில் நான்கு முறை அதன் வாய் திறக்கப்படுகிறது. எனவே கிருமி நுழைவது வியப்பன்று, நுழையாதிருப்பதே வியப்பு. நுழைபவற்றுள் பெரும்பாலானவை தோலிலும் மூக்கிலும் வாழும் பக்டீரியாக்கள். அவற்றை நுண்ணுயிர் எதிர்ப்பிகளைக் கரைசலிலேயே கலந்து வயிற்றுக்குள் செலுத்தி, குழாயை அசைக்காமலே வென்றுவிடலாம். பூஞ்சையால் வரும் வயிற்றுறை அழற்சி மிகச் சிறுபான்மை. ஆஸ்திரேலியாவின் தேசியப் பதிவேட்டை ஆராய்ந்து 2009-இல் வெளிவந்த ஆய்வில் 162 நிகழ்வுகள் கணக்கிடப்பட்டன; மொத்த அழற்சிகளில் அவை 4.5 விழுக்காடு. ஆனால் சிறுபான்மையே கொடியதாக இருந்தது. மருத்துவமனையில் சேர்த்தல், குழாயை இழத்தல், இயந்திரத்துக்கு நிரந்தரமாக மாறுதல், சாவு ஆகிய நான்கும் பக்டீரியா அழற்சியைவிடப் பூஞ்சை அழற்சியில் மிகுந்திருந்தன.

இவ்வளவு கொடுமைக்குக் காரணம் பூஞ்சையின் வலிமையைவிட, நாமே அமைத்துக் கொடுக்கும் களம்தான். அப்ப மாவில் சிறிது கள்ளை ஊற்றி இரவு முழுதும் வெதுவெதுப்பில் மூடிவைத்தால் விடியுமுன் அது பொங்கிவிடும். மதுவத்துக்கு வேண்டியது சர்க்கரையும் இளஞ்சூடும் கலைக்காத நேரமும் மட்டுமே. வயிற்றுக்குள் தேங்கிய கரைசலில் இம்மூன்றும் குறைவற உள்ளன. கரைசலின் குளுக்கோசுச் செறிவு 1.5 முதல் 4.25 விழுக்காடு வரை. சூடு 37 பாகை. போதாக்குறைக்கு, வயிற்றுறையில் இயல்பாகக் காவல் நிற்கும் வெண்ணணுக்களும் எதிர்ப்புப் புரதங்களும் ஒவ்வொரு மாற்றீட்டிலும் நீர்த்துக் கழிந்துபோகின்றன. கண்டிடா என்னும் மதுவ இனம் இதற்கென்றே படைக்கப்பட்டாற்போல் இங்கு வளர்கிறது.

அது வரும் வழி இரண்டு. கண்டிடா அல்பிகன்சு நம் குடலிலேயே அடங்கி வாழும் குடியிருப்பாளி. பக்டீரியாக்களை அழிக்க மருந்து கொடுக்கும்போது குடலிலுள்ள நல்ல பக்டீரியாக்களும் சேர்ந்து மடிய, போட்டியின்றிப் பெருகும் மதுவம் குடற்சுவரைக் கடந்து வயிற்றுக்குள் கசிகிறது. கண்டிடா பராப்சிலோசிசு என்பதோ கைத்தோலில் வாழ்வது. பையை மாற்றும்போது விரல்வழியே குழாயில் ஏறுகிறது. கண்டிடா அல்லாத பூஞ்சைகளும் உண்டு. அஸ்பர்கிலசு, பெனிசிலியம் முதலிய இழைப்பூஞ்சைகளின் வித்துகள் காற்றிலேயே மிதப்பவை. மழைக்காலத்தில் தோட்டத்து லயன் அறைகளின் சுவரில் படரும் கருமைக்கும் இவற்றின் உறவினரே காரணம். ஆஸ்திரேலிய ஆய்வில் அல்பிகன்சு நான்கில் ஒரு பங்கே. பிற கண்டிடாக்கள் 44 விழுக்காடு. எஞ்சியவை வேறு பூஞ்சைகள். மருத்துவத்தைத் தீர்மானிப்பதில் இந்தப் பகுப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

நோய் தொடங்கும் விதத்தில் பூஞ்சைக்கெனத் தனி அடையாளம் எதுவுமில்லை. வயிற்றுவலி, காய்ச்சல், வடியும் நீரில் கலங்கல். தூய்மிப்புக்குப் பழக்கும் தாதியர் ஓர் எளிய சோதனையைக் கற்றுக்கொடுப்பர்: வடித்த பையை நாளிதழின் மேல் வைத்துப் பார், எழுத்துத் தெரிந்தால் நலம், மங்கினால் உடனே புறப்படு. நோயாளிகள் இந்தச் சோதனையைப் பல ஆண்டுகள் நம்பிக்கையோடு செய்துவருவர். அதன் பயனைக் குறைத்து மதிப்பிடுவோர் இதற்கு நிகராக இன்னொன்று கண்டுபிடித்துக் காட்டட்டும். அதன்பின் ஆய்வுகூடத்தின் வேலை. நீரின் மைக்ரோலீற்றருக்கு 100-க்கு மேல் வெண்ணணுக்கள் இருந்து, அவற்றில் பாதிக்கு மேல் நடுநிலை விரும்பும் வெண்ணணுக்களாக இருந்தால் அழற்சி உறுதி. ஆனால் யார் கிருமி என்பது அந்த எண்ணால் விளங்காது. நீரைச் சுழற்றிப் படிவித்து, படிவைக் கண்ணாடித் தகட்டில் இட்டுக் கிராம் சாயம் ஏற்றிப் பார்க்கும்போது, பக்டீரியாக்களைவிடப் பலமடங்கு பருத்த, ஊதா நிறமேறிய நீளுருண்டைகள் தென்பட்டு, அவற்றில் சில பக்கவாட்டில் சிறு மொட்டுவிட்டு நின்றால், அக்கணமே விடை கிடைத்துவிடும். அத்தகடு ஏமாற்றிவிட்டால், குருதி வளர்ப்புப் புட்டியில் இட்ட நீரில் மதுவம் தலைகாட்ட இரண்டு மூன்று நாள் பிடிக்கும். இழைப்பூஞ்சைக்கு வாரங்களும் ஆகலாம். வளர்ந்த மதுவத்தை மனிதக் குருதிநீரில் 37 பாகையில் இரண்டு மூன்று மணிநேரம் வைத்தால், பெரும்பாலும் அல்பிகன்சே உருண்டையிலிருந்து மெல்லிய முளைக்குழல் ஒன்றை நீட்டும். விலையுயர்ந்த கருவி வேண்டாத, எந்த மாவட்ட மருத்துவமனை ஆய்வுகூடமும் செய்யக்கூடிய சோதனை.

பூஞ்சை என்று தெரிந்த உடனே செய்யவேண்டியது என்ன? வயிற்றுறைத் தூய்மிப்புக்கான பன்னாட்டுச் சங்கம் 2022-இல் புதுப்பித்த நெறிமுறை இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. குழாயை உடனே எடு. மருந்தைக் குழாய் எடுத்த பின்னும் குறைந்தது இரு வாரம் தொடர். பக்டீரியா அழற்சியில் மருந்து கொடுத்துச் சில நாள் பொறுத்துப் பார்க்க இடமுண்டு. பூஞ்சையில் பொறுத்திருத்தலே தவறு. 2011-இல் தென்கொரியாவின் சியோலிலிருந்து வெளிவந்த, 94 நிகழ்வுகளை ஆராய்ந்த ஆய்வில், 24 மணிநேரத்துக்குள் குழாய் களையப்பட்டவர்களைவிடத் தாமதித்தவர்களே மிகுதியாக இறந்தனர். ஆஸ்திரேலிய ஆய்வும் குழாய் களைதலும் மருந்தும் சேர்ந்த வழியே உயிரைக் காப்பதாகக் கண்டது.

காரணம் குழாயின் மேற்பரப்பில் உள்ளது. மதுவம் சிலிக்கோனில் ஒட்டிக்கொண்டு, தான் சுரக்கும் பிசின் படலத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. படலத்துக்குள் மருந்து ஊடுருவுவது அரிது. உள்ளே இருக்கும் உயிர்க்கலங்கள் மிதந்து திரிவனவற்றினும் பன்மடங்கு மருந்தைத் தாங்குகின்றன. மருந்தால் வயிற்று நீர் தெளிந்து, வலி தணிந்து, நோயாளியும் மருத்துவரும் ஆறுதலடைவர். சில நாட்களில் குழாயிலிருந்தே நோய் மீண்டும் புறப்படும். மருத்துவ உலகில் இந்த நப்பாசையின் விலையைப் பலர் உயிரால் கொடுத்துவிட்டனர். எனவே நான் மருந்துகளைப் பற்றிச் சொல்லுமுன் குழாயைச் சொன்னேன். ஒழுங்கு மாறினால் பொருள் மாறிவிடும்.

பூஞ்சையை மருந்தால் கொல்வது இயல்பிலேயே கடினம். பக்டீரியா நம்மினும் மிகத் தொலைவிலுள்ள உயிர். அதன் சுவரையும் புரதத் தொழிற்சாலையையும் தாக்கும் மருந்து நம்மைத் தீண்டாது. பூஞ்சையோ உட்கரு கொண்ட உயிர்க்கலங்களால் ஆனது. உறவில் நமக்கு அண்மையானது. வேறுபாடுகள் சிலவே: நம் கலமென்சவ்வில் கொலஸ்டரோல், பூஞ்சையின் மென்சவ்வில் எர்கொஸ்டரோல், நமக்குக் கலச்சுவரே இல்லை, பூஞ்சைக்குக் குளுக்கான் என்னும் நார்ச்சுவர் உண்டு. இப்போது கையிலுள்ள மருந்துகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு இடுக்குகளில் நுழைந்தவையே.

புளுக்கோனசோல் எர்கொஸ்டரோலைக் கட்டும் நொதியைத் தடுக்கிறது. 1980-களின் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்த இது நீரில் நன்கு கரையும். குருதிப் புரதங்களோடு குறைவாகவே பிணையும். ஆகவே வயிற்றுநீரிலும் குருதியிலுள்ள அளவுக்கு ஏறத்தாழ நிகராகச் சேர்கிறது. மாத்திரையாகவே கொடுக்கலாம், மலிவு, எந்த மருந்தகத்திலும் கிடைக்கும். ஆனால் இதன் பெரும்பகுதி மாறாமலே சிறுநீரகத்தால் வெளியேறுவது. சிறுநீரகமற்ற உடலில் அளவைக் குறைக்காவிடில் தேங்கிவிடும். குழாய் களைந்து இயந்திரத்துக்கு மாறியவருக்கோ ஒரே அமர்வில் பாதியளவு மருந்து வெளியேறிவிடும், எனவே தூய்மிப்பு முடிந்தபின் கொடுக்க வேண்டும். குருதி உறைதலைத் தடுக்கும் வார்பரினோடும் கொலஸ்டரோல் குறைக்கும் சிம்வாஸ்டட்டினோடும் இது மோதும். எல்லாக் கண்டிடாவும் இதற்கு அடங்குவதில்லை. கண்டிடா குருசெய் பிறவியிலேயே பணியாது. கண்டிடா கிளப்ராட்டா கூடுதல் அளவைக் கேட்கும். முன்னே சொன்ன பகுப்பு இங்குதான் உயிர்பெறுகிறது. இனம் தெரியாமல் புளுக்கோனசோலை எழுதிவிட்டுக் காத்திருப்பது சூதாட்டம்.

அம்போதெரிசின் பி பழைய மருந்து. வெனிசுவேலாவின் ஒரினோக்கோ ஆற்றங்கரை மண்ணில் கண்ட ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950-களில் பிரிக்கப்பட்டது. எர்கொஸ்டரோலோடு ஒட்டி மென்சவ்வில் துளையிடுவது. பெரும்பாலான பூஞ்சைகளை அடக்குவது. ஆனால் நாளத்தில் ஏற்றினால் வயிற்றுநீரில் போதிய அளவு சேராது. வயிற்றிலேயே விட்டால் தாங்கமுடியாத வலியும் வேதியழற்சியும். எஞ்சியிருக்கும் சிறிதளவு சிறுநீரையும் அழிக்கவல்லது என்பது இன்னொரு குறை. வயிற்றுறைத் தூய்மிப்பு நோயாளிக்கு அந்தச் சிறிதளவே பெருஞ்செல்வம். கொழுப்புறையில் பொதிந்த புதிய வடிவம் சிறுநீரகத்துக்கு இதனினும் மென்மையானது, விலையோ பல மடங்கு.

எக்கினோகன்டின் வகையைச் சேர்ந்த கஸ்போபங்கின் முதலியன குளுக்கான் சுவரைக் கட்டும் நொதியைத் தடுக்கின்றன. நமக்கு அச்சுவரே இல்லாமையால் நஞ்சும் குறைவு. சிறுநீரகம் செயலிழந்தாலும் அளவை மாற்ற வேண்டியதில்லை. கஸ்போபங்கினின் மூலம் ஸ்பெயின் நாட்டில் லொசோயா ஆற்றுப்பகுதியில் எடுக்கப்பட்ட ஒரு பூஞ்சை என்பது சுவையான செய்தி. பூஞ்சையைக் கொல்லப் பூஞ்சையே ஆயுதம் தந்திருக்கிறது. நாளத்தில் மட்டுமே ஏற்றவியலும், விலை மிகுதி, பராப்சிலோசிசிடம் சற்றே தளர்ச்சி. அஸ்பர்கிலசுக்கு ஏற்ற வோரிகோனசோல் ஊசியிலுள்ள கரைப்பான் சிறுநீரகமற்றவரிடம் தேங்குவதால் மாத்திரையே ஏற்றது.

குழாயைக் களைந்தபின் வில்கமுவ உழவருக்கு நேர்வது என்ன? கழுத்து நாளத்தில் வேறொரு குழாய், வாரந்தோறும் இயந்திரம், மலைப்பாதை. நோய் முற்றிலும் தணிந்தபின், குறைந்தது இரு வாரம் கழித்து மீண்டும் வயிற்றில் குழாய் வைக்கலாம் என்று நெறிமுறை சொல்கிறது. ஆயினும் திரும்பி வருவோர் சிறுபான்மையே. அழற்சியின் தழும்புகள் குடலையும் வயிற்றுச்சுவரையும் ஒட்டவைத்துவிடுகின்றன. உறையின் வடிக்கும் ஆற்றலும் குன்றிவிடுகிறது. ஆகவே இந்நோயின் உண்மையான மருத்துவம் நோய்க்கு முன்னதாகவே நடந்தாக வேண்டியது.

அந்த முன்னதான மருத்துவத்துக்குச் சான்று ஐயமறக் கிடைத்திருக்கிறது. பூஞ்சை அழற்சி வந்தோரில் பலர் அதற்குச் சில வாரங்கள் முன் ஏதேனும் ஒரு நுண்ணுயிர் எதிர்ப்பியை உண்டவர்களாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டன. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியிலிருந்தும் 2009-இல் இத்தகைய காரணங்களை ஆராயும் கட்டுரை வெளிவந்தது. 1996-இல் ஹொங்கொங்கில் 397 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பி கொடுக்கும்போதெல்லாம் நிஸ்டாட்டின் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தனர். அப்பிரிவில் கண்டிடா அழற்சி குறைந்தது. 2010-இல் கொலம்பியாவில் புளுக்கோனசோலைக் கொண்டு நடந்த குலுக்கல் ஆய்வும் அதையே உறுதிசெய்தது. பன்னாட்டு நெறிமுறை இன்று இதனை வலிமையான பரிந்துரையாகவே எழுதுகிறது.

நிஸ்டாட்டின் குடலில் உறிஞ்சப்படுவதே இல்லை. பிற இடங்களில் இக்குணம் குறையெனப்படும். இங்கே அதுவே நிறை. மதுவம் பெருகும் இடத்திலேயே தங்கி, குருதியில் ஏறாமல், வேறெந்த மருந்தோடும் மோதாமல் தன் வேலையை முடித்துக் கழிந்துபோகும். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண் அறிஞர்கள், ஒருவர் நியூயோர்க் நகரிலும் மற்றவர் அல்பனியிலும் இருந்துகொண்டு, மண் மாதிரிகளை அஞ்சலில் அனுப்பி ஆராய்ந்து, 1950-இல் இதனை உலகுக்கு அறிவித்தனர். காப்புரிமையால் வந்த 13 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட தொகையை இருவரும் தமக்கென வைத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டனர். 1966-இல் புளோரன்சு நகரை வெள்ளம் சூழ்ந்தபோது பூசணம் பிடித்த ஓவியங்களைக் காக்கவும் இம்மருந்தே உதவியது.

மருத்துவமனைப் பிரிவில் வயிற்றுறை அழற்சிக்கு மருந்து எழுதும்போது நிஸ்டாட்டினை நினைவூட்டுவது எளிது, பட்டியலில் அச்சிட்டுவிடலாம். ஆனால் நோயாளி உண்ணும் நுண்ணுயிர் எதிர்ப்பிகள் யாவும் அங்கிருந்து வருவதில்லை. இருமலுக்கு ஹெட்டிபொலக் கடைத்தெருவின் தனியார் மருந்தகத்தில் வாங்கிய அமொக்சிசிலின், காலில் பட்ட மண்வெட்டிக் காயத்துக்கு ஒரு வாரம் உண்ட குளோக்சசிலின், பல்வலிக்கு யாரோ எழுதிய மெட்ரோனிடசோல் என அவை எங்கிருந்தும் வரலாம். எழுதுபவருக்கு நோயாளியின் சட்டைக்குள் ஒரு குழாய் இருப்பது தெரியாது; தெரிந்தாலும் பூஞ்சையை அவர் நினைப்பது அரிது. தோட்டப்புறத்தில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடும். நோயாளியின் குறிப்பேடு ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதப்பட்டிருக்க, அதைக் கையில் வைத்திருப்பவர் தமிழ் மட்டுமே படிப்பவராக இருப்பார். வயிற்றுறைத் தூய்மிப்புக்குப் பழக்கும் ஒவ்வொரு நோயாளியின் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியிலும், இரண்டு வரிகள் அச்சிடப்பட வேண்டும்: இவர் வயிற்றில் டயலிசிஸ் குழாய் உள்ளது, எந்த நுண்ணுயிர் எதிர்ப்பி கொடுத்தாலும் கூடவே பூஞ்சைத் தடுப்பு மருந்தும் தேவை, சிறுநீரகப் பிரிவை அழைத்துக் கேட்கவும். அடுத்து அப்பிரிவின் தொலைபேசி எண். அச்சுக்கூலி சில ரூபாய்தான்.